இரத்தக் கொதிப்பும் இரவு ஷிப்டும்

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டையைத் தாண்டியதும், ஸ்ரீபெரும்புதூருக்குச் சற்று முன்பாக, பென்னலூர் என்ற ஊர் இருக்கிறது. ஏரிப் பாசனமும் நெல் வயலுமாக இருந்த பகுதி இது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் உற்பத்தியாகத் தொடங்கின. அதன் பின் ஒரகடம் வரையிலும் தொழிற்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. இன்று விடியற்காலையிலும் பிற்பகலிலும் இரவிலும் ஷிப்டு மாறும்போது கம்பெனிப் பேருந்துகள் வரிசையாக வந்து நிற்கும். இதைப் படிக்கும் உங்களில் சிலருடைய தந்தையோ, தாயோ, அண்ணனோ அவற்றில் ஏறிச் செல்பவராக இருக்கலாம்.

அந்தத் தொழிற்சாலைகளுக்குள் ஒரு காட்சியை எண்ணிப் பாருங்கள். காற்றழுத்தி இயந்திரம் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. அதன்மேல் ஓர் அழுத்தமானி. ஒவ்வொரு ஷிப்டிலும் ஒருவர் வந்து அதன் முள்ளைப் பார்த்து, எண்ணைக் குறிப்பேட்டில் எழுதிக் கையெழுத்திடுகிறார். இயந்திரம் பழுதாகவில்லை, நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனாலும் குறித்த தேதியில் எண்ணெய் மாற்றுகிறார்கள். இதற்குத் தடுப்புப் பராமரிப்பு என்று பெயர். அந்த முள்ளைப் பார்த்துக் குறித்தவரின் உடலுக்குள் ஓடும் அழுத்தத்தைக் கடைசியாக யார், எப்போது அளந்தார்கள்? பெரும்பாலும் வேலைக்குச் சேர்ந்த அன்று அளந்திருப்பார்கள். அதோடு சரி.

இரத்தக் கொதிப்பு என்று நாம் சொல்வது வழக்கத்தில் வந்துவிட்ட பெயர். இரத்தம் கொதிப்பதும் இல்லை, சூடேறுவதும் இல்லை. கோபக்காரருக்கு மட்டும் வருவதும் அல்ல. இதயம் ஒரு நிமிடத்தில் ஏறத்தாழ ஐந்து லிட்டர் இரத்தத்தைத் தமனிகளுக்குள் தள்ளுகிறது. தள்ளும்போது தமனிச் சுவரில் விழும் அழுத்தம் ஓர் எண். இதயம் தளரும்போது எஞ்சியிருக்கும் அழுத்தம் மற்றோர் எண். பாதரசக் கருவிகள் இப்போது குறைந்துவருகின்றன. ஆயினும் அளவு இன்னும் பாதரச மில்லிமீட்டரில்தான் சொல்லப்படுகிறது. இந்த எண்கள் 140/90 என்ற அளவை எட்டியோ மீறியோ பல முறை நிற்குமானால் அதை மிகை இரத்த அழுத்தம் என்கிறோம். இதில் ஒரு சூழ்ச்சி இருக்கிறது. உடையவருக்குப் பெரும்பாலும் ஒன்றுமே தெரியாது. தலைவலி இல்லை, மயக்கம் இல்லை. பத்துப் பதினைந்து ஆண்டுகள் தமனிச் சுவர் தடித்து இறுகிக்கொண்டே போகும். பின் ஒரு நாள் வாய் கோணும், கை விழும். அல்லது மார்பு வலிக்கும். அல்லது சிறுநீரகம் ஓய்ந்துபோகும்.

சிறுநீரகத்தைப் பற்றி மட்டும் இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழப் பத்து இலட்சம் நுண் வடிப்பான்கள் உள்ளன. இரண்டும் சேர்ந்து ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடித்து, அதில் ஒன்றிரண்டு லிட்டரைத் தவிர மற்றதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கின்றன. உயர்ந்த அழுத்தம் இந்த மெல்லிய வடிப்பான்களை இடித்துக்கொண்டே இருக்கிறது. இரத்தத்தில் மிகுந்த சர்க்கரை அவற்றைத் தடிக்கச் செய்கிறது. இரண்டும் ஒருவரிடமே சேர்ந்திருப்பதும் உண்டு. போன வடிப்பான் போனதுதான், புதிதாக முளைக்காது. பெரும்பகுதி அழிந்த பின் மிஞ்சுவது வாரத்திற்கு இரண்டு மூன்று முறை, முறைக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரம், இரத்தத்தைச் சுத்திகரிக்கும் இயந்திரத்தோடு பிணைந்து கிடப்பது. இல்லையேல் மாற்றுச் சிறுநீரகம். நாள் கூலிக்காரரோ ஒப்பந்தத் தொழிலாளரோ அந்த நிலையில் எப்படி வேலைக்குப் போவார்?

சென்னையில் சிறுநீரக மருத்துவராக இருந்த டாக்டர் எம். கே. மணி இந்தக் கேள்வியை வேறு விதமாகக் கேட்டார். இறுதி நிலைக்கு வந்துவிட்டவர்கள் அனைவருக்கும் சிகிச்சை தர நம் நாட்டில் பணமும் இல்லை, கருவிகளும் இல்லை. அப்படியானால் அந்த நிலைக்கு வராமல் தடுக்க என்ன செலவாகும்? கிட்னி ஹெல்ப் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை மூலம், 1990களின் பிற்பகுதியில், சென்னையை ஒட்டிய கிராமங்களில் சுமார் 25,000 மக்களிடையே அவரும் அவருடைய குழுவினரும் இதைச் செய்து பார்த்தார்கள்.

அவர்கள் செய்தது என்ன? பெரிய ஆய்வுக்கூடம் கட்டவில்லை. பள்ளிப் படிப்பு முடித்த உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி தந்து வீடு வீடாக அனுப்பினார்கள். அந்தப் பெண்கள் சில கேள்விகள் கேட்டார்கள். இரத்த அழுத்தம் அளந்தார்கள். சிறுநீரை இரண்டு சோதனைகளுக்கு உட்படுத்தினார்கள். ஒன்று, சல்ஃபோசாலிசிலிக் அமிலம் சேர்ப்பது. சிறுநீரில் புரதம் கசிந்திருந்தால் வெண்ணிறமாகக் கலங்கும். மற்றொன்று உங்களுக்கு நன்கு தெரிந்தது. பெனடிக்ட் கரைசலோடு சேர்த்துச் சூடாக்குவது. கரைசலில் உள்ள குப்ரிக் அயனிகளைக் குளுக்கோஸ் ஒடுக்கிக் குப்ரஸ் ஆக்சைடாக மாற்றுகிறது. நீல நிறம் பச்சையாகி, மஞ்சளாகி, சர்க்கரை மிகுதியானால் செங்கல் நிற வீழ்படிவாகிறது. செய்முறைத் தேர்வில் மதிப்பெண்ணுக்காக நீங்கள் காட்டும் அதே நிறமாற்றந்தான் அங்கே ஒருவரின் நோயைக் காட்டிக்கொடுத்தது.

இந்தச் சோதனைக்கு ஒரு குறை உண்டு. இரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்குச் சுமார் 180 மில்லிகிராமைத் தாண்டிய பிறகே குளுக்கோஸ் சிறுநீரில் இறங்கும். ஆகையால் தொடக்க நிலை நீரிழிவு தப்பிவிடும். இன்று விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துப் பார்ப்பது எளிதாகிவிட்டதால் பெனடிக்ட் கரைசலைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை.

கண்டுபிடித்த பின் என்ன? இதுதான் முக்கியம். மருந்து இலவசமாக, தடையின்றி, ஊருக்கே வந்தது. இருந்தவற்றில் மிக மலிவான மருந்துகளையே அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். அழுத்தத்துக்கு ரெசெர்பின், ஹைட்ரோகுளோரோதயசைடு, ஹைட்ரலசின். நீரிழிவுக்கு கிளிபென்கிளமைடு, மெட்ஃபார்மின். ரெசெர்பின் நம் சர்ப்பகந்தி வேரில் உள்ள பொருள். அந்த வேர் இரத்த அழுத்தத்தைத் தணிக்கிறது என்பதை 1949இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல் ஆங்கில மருத்துவ இதழில் எழுதி உலகம் அறியச் செய்தார். 1952இல் சுவிட்சர்லாந்தில் வேரிலிருந்து ரெசெர்பினைப் பிரித்தெடுத்தார்கள். பழைய மருந்து, மனச்சோர்வு தரக்கூடியது என்று மருத்துவர்கள் பலர் முகம் சுளிப்பார்கள். அவர்கள் சொல்வதில் பொருள் உண்டு. ஆனால் வாங்க முடியாத புதிய மருந்தைவிட வீட்டு வாசலுக்கு வரும் பழைய மருந்து மேல் என்பது மணியின் கணக்கு. அந்தக் கணக்கு பலித்தது. 2005இல் வெளியான அவர்களுடைய கட்டுரைப்படி, இரத்த அழுத்த நோயாளிகளில் 100க்கு 96 பேருக்கு அழுத்தம் 140/90க்குக் கீழ் வந்தது. நீரிழிவு நோயாளிகளில் பாதிப் பேருக்கு ஹீமோகுளோபின் ஏ1சி அளவு 7 சதவீதத்துக்குக் கீழ் நின்றது. செலவு? மொத்த மக்கள் தொகைக்கும் பங்கிட்டால் தலைக்கு ஆண்டுக்கு அரை டாலருக்கும் குறைவு.

ஏ1சி என்பது என்ன என்று கேட்பீர்கள். சிவப்பணுக்கள் ஏறத்தாழ 120 நாள் வாழ்கின்றன. அந்த நாள்களில் இரத்தத்தில் எவ்வளவு சர்க்கரை இருந்ததோ அதற்கேற்ப ஹீமோகுளோபினோடு சர்க்கரை ஒட்டிக்கொள்கிறது. ஆகவே இது இரண்டு மூன்று மாதங்களின் சராசரி. சோதனைக்கு முந்திய இரண்டு நாள் மட்டும் பத்தியம் இருந்து மருத்துவரை ஏமாற்றும் மாமாக்களின் உபாயம் இதனிடம் செல்லாது!

அழுத்தத்தில் 96, சர்க்கரையில் 50. ஏன் இந்த வேறுபாடு? அழுத்தத்துக்கு மாத்திரை பெரும்பாலும் போதும். சர்க்கரையோ மூன்று வேளைச் சோற்றோடும், உழைப்போடும், தூக்கத்தோடும் கட்டுண்டது. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பென்னலூருக்குத் திரும்பும்போது தேவைப்படும்.

இனி தமிழ்நாடு முழுவதற்குமான கணக்கைப் பார்ப்போம். 2020இல் அரசு நடத்திய ஆய்வில், மிகை இரத்த அழுத்தம் உள்ளவர்களில் 100க்கு 7.3 பேருக்கே அது கட்டுக்குள் இருந்தது, நீரிழிவில் 10.8 பேருக்கு. சில ஆண்டுகள் கழித்து, 2023-24இல் மறுபடி ஆராய்ந்தபோது இவை 17 ஆகவும் 16.7 ஆகவும் உயர்ந்திருந்தன. இடையே, 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. சுகாதாரத் தன்னார்வலர்களான பெண்கள் வீட்டுக்கு வந்து அழுத்தம் பார்த்து மாத்திரையைக் கையில் கொடுத்தார்கள். கூடியதற்கு அது மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆயினும் திசை சரியானது என்பது என் கருத்து.

17 எங்கே, 96 எங்கே என்று உடனே ஒப்பிட்டுவிடாதீர்கள். வகுக்கும் எண் வேறு. மாநில ஆய்வு, தமக்கு நோய் இருப்பதே தெரியாதவர்களையும் சேர்த்து வகுக்கிறது. மணியின் குழு, மருத்துவத்திற்கு வந்தவர்களைக் கொண்டு வகுத்தது. செய்தித்தாளில் சதவீதம் எதைப் பார்த்தாலும் "எதில் சதவீதம்?" என்று கேட்கும் பழக்கம் மாணவர்க்கு இருக்க வேண்டும். இருந்தாலும் ஒப்பீட்டிலிருந்து ஒன்று தெரிகிறது. மாத்திரை ஒழுங்காக உள்ளே போனால் அழுத்தம் இறங்கிவிடுகிறது. நோய் அடங்காமல் நிற்பது மருந்தின் தோல்வியால் அன்று. மருந்து போய்ச் சேராததால்.

இது ஏழை நாடுகளின் குறை மட்டுமன்று. 1970களில் பணக்கார நாடுகளிலேயே மருத்துவர்கள் 'பாதி விதி' என்று ஒன்றைப் பேசினார்கள். நோயுள்ளவர்களில் பாதிப் பேருக்கே அது தெரிந்திருக்கிறது. தெரிந்தவர்களில் பாதிப் பேரே மருந்து உண்கிறார்கள். உண்பவர்களில் பாதிப் பேருக்கே அடங்குகிறது. பெருக்கிப் பாருங்கள்: எட்டில் ஒருவர். வேல்ஸ் நாட்டில் கிளின்கோரக் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் ஜூலியன் டியூடர் ஹார்ட் என்ற மருத்துவர் இருந்தார். நோயாளி தம்மைத் தேடி வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. 1968 முதல் ஊரிலிருந்த பெரியவர்கள் அனைவரின் அழுத்தத்தையும் அளக்க முற்பட்டு, வராதவர்களை விடாமல் தேடிப் பிடித்து, ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார். இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் கணக்கெடுத்தபோது அண்டை ஊரைவிட அங்கே இறப்பு விகிதம் குறைவாக இருந்தது. மருத்துவம் யாருக்கு மிகவும் தேவையோ அவர்களுக்கே அது மிகக் குறைவாகக் கிடைக்கிறது என்று 1971இல் அவர் எழுதியது இன்றும் மருத்துவக் கல்லூரிகளில் பேசப்படுகிறது.

சுரங்க ஊருக்குப் பொருந்தியது பென்னலூருக்கும் பொருந்தும். ஆனால் இங்கே ஒரு புதுச் சிக்கல். வீட்டுக்கு வரும் தன்னார்வலர் பகலில் வருகிறார். பகல் ஷிப்டுக்காரர் அப்போது வேலையில் இருப்பார். இரவு ஷிப்டுக்காரர் தூங்குவார். வெளிமாநிலத்திலிருந்து வந்தவர் பூட்டிய விடுதி அறையில் இருப்பார். ஆரம்ப சுகாதார நிலையத்தின் புறநோயாளிப் பிரிவும் பகலில்தான். அங்கே அம்லோடிபினும் மெட்ஃபார்மினும் இலவசம். ஆனால் அந்த இலவச மாத்திரையை வாங்க அரைநாள் சம்பளம் போகிறது. ஆகவே அது இலவசம் அன்று.

மருந்துச் சீட்டில் 'காலை, இரவு, உணவுக்கு முன்' என்று எழுதியிருக்கிறது. இரவு பத்து மணிக்கு இயந்திரத்தின் முன் நிற்கத் தொடங்குபவருக்கு எது காலை? எது இரவு? கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரையை விழுங்கிவிட்டு, வரிசை நிற்காமல் ஓடுவதால் உணவு ஒரு மணி நேரம் தள்ளிப்போனால், இரத்தச் சர்க்கரை தாழ்ந்துவிடும். கை நடுங்கும், வியர்க்கும், கண் இருளும். அழுத்து இயந்திரத்தின் பக்கத்தில் நிற்பவருக்கு இது எவ்வளவு ஆபத்து! ஒரு முறை இப்படி நேர்ந்தவர் அடுத்த வாரம் மாத்திரையை நிறுத்திவிடுகிறார். மருத்துவமனைக் குறிப்பேட்டில் அவரை ஒத்துழைக்காத நோயாளி என்று எழுதுவார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. அவர் தமக்குத் தெரிந்த அளவில் தம் கையைக் காப்பாற்றிக்கொண்டார். இரவு வேலைக்கு ஏற்ற மாத்திரையும் நேரமும் வேறு. அதைக் கேட்டு எழுதித் தர மருத்துவருக்கு ஐந்து நிமிடம் வேண்டும். அந்த ஐந்து நிமிடம் கிடைக்கும் இடந்தான் இல்லை.

அச்சம் வேறு இருக்கிறது. 'பி.பி. இருக்கிறது, சுகர் இருக்கிறது' என்று கம்பெனிப் பதிவேட்டில் ஏறிவிட்டால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமோ என்று அஞ்சி மறைப்பவர்கள் உண்டு. அந்த அச்சம் போகாதவரை தொழிற்சாலை வாசலில் எத்தனை முகாம் போட்டாலும் அளக்க வேண்டியவர் வரிசையில் நிற்கமாட்டார்.

முகாம்களைப் பற்றியே என் குறை இருக்கிறது. பதாகை கட்டி, ஒரே நாளில் ஆயிரம் பேருக்கு அழுத்தம் பார்த்ததாகச் செய்தி வரும். பார்த்தது நல்லதே. அடுத்த மாதம் அந்த ஆயிரம் பேரில் எத்தனை பேர் மாத்திரை வாங்கினார்கள் என்ற செய்தி வருவதில்லை. 2024 தொடக்கத்தில் மக்களைத் தேடி மருத்துவத்தைத் தொழிற்சாலைகளுக்கும் தமிழக அரசு விரிவாக்கியது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நாற்பது வயதைக் கடந்த தொழிலாளர்க்கு ஆண்டுக்கு ஒரு முறை இலவசச் சோதனை என்கின்றன. இரண்டும் வரவேற்கத்தக்கவையே. ஆனால் ஆண்டுக்கு ஒரு நாள் அளப்பது கண்டுபிடிப்பு. மீதி 364 நாளும் மாத்திரை உள்ளே போவதுதான் கட்டுப்பாடு. இந்தத் தொழிற்சாலைகளில் நாற்பதை எட்டாதவர்களும் ஏராளமாக இருக்கிறார்கள். முப்பது வயதில் தொடங்கும் அழுத்தம் நாற்பதுக்காகக் காத்திருப்பதில்லை.

ஷிப்டு மாறும் நேரத்தில் வாசலருகே ஒரு செவிலியர், ஒரு கருவி, ஒரு மருந்துப் பெட்டி. மாத்திரையை ஒரு வாரத்துக்கு அல்ல, இரண்டு மாதத்துக்குக் கொடுத்துவிட வேண்டும். ஒடிசாவுக்கோ பீகாருக்கோ திருவிழாவுக்குப் போகிறவர் நடுவில் நிறுத்தாமலிருக்க இது உதவும். குறிப்பேடு அரசு மருத்துவரிடம் இருக்க வேண்டும், பணியாளர் அலுவலகத்திடம் அன்று. கேன்டீன் சாம்பாரில் உப்பையும், தட்டின் ஓரத்து ஊறுகாய் அப்பளத்தையும் குறைக்கலாம். ஒருவருக்கு நாளைக்கு ஐந்து கிராமுக்குக் கீழ், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இவற்றில் எதுவும் புதிய கண்டுபிடிப்பு அல்ல. இயந்திரத்துக்கு எண்ணெய் மாற்றும் அட்டவணையைப் பிசகாமல் நடத்தத் தெரிந்த நிர்வாகத்துக்கு இது முடியாத காரியமா?

செலவு யாருடையது என்று கேட்பார்கள். அவரவர் உடம்பு, அவரவர் பொறுப்பு என்றும் சொல்வார்கள். வலிக்கும் நோய்க்கு அந்த வாதம் ஓரளவு நிற்கும். வலிக்காத நோயைத் தாமே உணர்ந்து, நன்றாக இருக்கும்போதே நாள்தோறும் மாத்திரை உண்ண, நினைவூட்ட ஓர் ஆள் வேண்டும். படித்தவர்களுக்கும் இதே கதிதான். பாதி விதி பிறந்த இடம் நம் கிராமம் அன்று.

மாணவர்களே, உங்கள் தெருவில் ஒரு கணக்கு எடுக்கலாம். பெயர் எழுத வேண்டாம். முப்பது வயதைக் கடந்த ஒவ்வொருவருக்கும் ஒரு வரி, நான்கு கட்டம். கடந்த ஓராண்டில் அழுத்தம் பார்த்தீர்களா? மிகுதி என்று சொன்னார்களா? சொன்னவர்கள் நேற்று மாத்திரை உண்டார்களா? கடைசியாகப் பார்த்தபோது 140/90க்குக் கீழ் இருந்ததா? பள்ளியில் கருவி இருந்தால் ஆசிரியர் துணையோடு நீங்களே அளக்கலாம். ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார வைத்து, முதுகு சாய்ந்து, கை இதயத்தின் மட்டத்தில் இருக்க, சட்டைக் கையின்மேல் அல்லாமல் தோலின்மேல் பட்டையைச் சுற்றி, இரண்டு முறை அளக்க வேண்டும். அதற்கு அரை மணி முன்பு தேநீரும் பீடியும் கூடா. யாருக்கும் மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ நீங்கள் சொல்லக் கூடாது. அது மருத்துவர் வேலை. மூன்றாவது கட்டத்தில் 'இல்லை' என்பவரிடம் ஏன் என்று கேட்டு, அவர் சொல்லும் சொல்லை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். எந்த ஷிப்டு என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். தாளை உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலரிடம் கொடுத்து, ஒரு படியை வைத்துக்கொண்டு, ஆறு மாதம் கழித்து அதே தெருவில் மறுபடி எண்ணுங்கள்.